பயிர் நிவாரணம்: அடங்கலில் ஏறாத பயிர் அரசு கண்ணில் படாது
(வாசகர் கேள்வி – பதில்)

ஐப்பசி, கார்த்திகை வந்துவிட்டால் நமக்கு வரும் கடிதங்களில் பாதி பயிர் நிவாரணத்தைப் பற்றித்தான் இருக்கும். ஒரே மாதிரியான கடிதங்களில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு இந்த முறை சேர்த்துப் பதில் சொல்கிறோம்.

கேள்வி: மூன்று ஏக்கர் சம்பா. பத்து நாள் தண்ணீரில் நின்று அழுகிவிட்டது. உழவு, நடவு, உரம் என்று ஏக்கருக்கு இருபதாயிரத்துக்கு மேல் போட்டாயிற்று. அரசு நஷ்டஈடு எவ்வளவு வரும்?
– வாசகர், மன்னார்குடி

பதில்: முதலில் 'நஷ்டஈடு' என்ற சொல்லை மறந்துவிடுங்கள். அரசாணையில் அந்தத் தொகைக்குப் பெயர் 'இடுபொருள் மானியம்'. போனதை ஈடுகட்டுவதற்காக அதைக் கொடுப்பதில்லை. அடுத்த சாகுபடிக்கு விதையும் உரமும் வாங்க ஒரு கைகொடுப்பு, அவ்வளவுதான். நீங்கள் எவ்வளவு செலவழித்தீர்கள் என்று யாரும் கேட்கமாட்டார்கள். எத்தனை ஹெக்டேர், என்ன பயிர் என்பது மட்டும்தான் கணக்கு.

மாநிலப் பேரிடர் நிவாரண நிதிக்கு ஒன்றிய உள்துறை அமைச்சகம் 2022–26 காலத்துக்கு வகுத்த நெறிமுறைப்படி, பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், மானாவாரிக்கு 8,500, தென்னை போன்ற பல்லாண்டுப் பயிருக்கு 22,500. உங்கள் மூன்று ஏக்கர் பட்டாவில் 1.21.5 ஹெக்டேர் (அதாவது 1.215) என்று இருக்கும். 17,000 ரூபாய் வீதம் அது 20,655 ரூபாய். டெல்டாக் கணக்கில் சொன்னால் ஏக்கருக்கு 6,880, மாவுக்கு (ஏக்கரில் மூன்றில் ஒரு பங்கு) 2,300-க்குச் சற்றுக் குறைவு.

மூன்று விஷயங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். பாதிப்பு 33 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால்தான் பணம். 2015 வரை இது 50 சதவீதமாக இருந்தது. அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டால் 35 சதவீதம் போன வயலுக்கும் முழுக்க அழுகிய வயலுக்கும் ஒரே தொகை. 30 சதவீதம் என்று எழுதிவிட்டால் ஒரு பைசா கிடையாது. அதனால் அலுவலர் எழுதும் அந்த ஒரு எண்ணில்தான் எல்லாம் இருக்கிறது. மூன்றாவது, ஒரு விவசாயிக்கு 2 ஹெக்டேர் வரைதான். பத்து ஏக்கர் போனாலும் 34,000 ரூபாயோடு நின்றுவிடும்.

இது ஒன்றிய நெறிமுறை. மாநில அரசு தன் கையிலிருந்து கூட்டிக் கொடுக்கலாம், கொடுத்தும் இருக்கிறது. 2021 ஜனவரி மழைக்கு, அப்போதைய 13,500-க்குப் பதிலாக ஹெக்டேருக்கு 20,000 கொடுத்தார்கள். 2 ஹெக்டேர் உச்சவரம்பையும் தளர்த்தினார்கள். 2023 பிப்ரவரியில் டெல்டா நெல்லுக்கு மறுபடியும் 20,000. ஆனால் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலுக்கும் 2024 ஃபெஞ்சல் புயலுக்கும் 17,000-தான். ஆகவே 'போன தடவை இவ்வளவு வந்ததே' என்று வாதாடிப் பயனில்லை. ஒவ்வொரு மழைக்கும் தனி அரசாணை வரும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கணக்கெடுக்க வந்தவர்கள் சாலையோர வயலைப் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள். எங்கள் வயல் வாய்க்கால் தாண்டி உள்ளே. பெயர் ஏறியிருக்குமா? வந்தால் எதைக் காட்டுவது?
– வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: வருவாய்த் துறையும் வேளாண்மைத் துறையும் சேர்ந்து செய்வது கூட்டுக் கணக்கெடுப்பு. ஊருக்குள் வருபவர்கள் கிராம நிர்வாக அலுவலரும் உதவி வேளாண்மை அலுவலரும். வாழை, காய்கறி என்றால் தோட்டக்கலைத் துறைக்காரர். புல எண், உட்பிரிவு, பரப்பு, பயிர், பாதிப்புச் சதவீதம், சாகுபடி செய்பவர், வங்கிக் கணக்கு என்று ஒரு பட்டியல் எழுதுவார்கள். அது வட்டாட்சியர், வேளாண்மை உதவி இயக்குநர் வழியாக ஆட்சியருக்குப் போய், அங்கிருந்து சென்னைக்குப் போகும்.

அவர்கள் வயலுக்குள் இறங்காமல் எழுதினாலும், எழுதுவதற்கு அடிப்படை அடங்கல், அதாவது எந்தப் புல எண்ணில் யார் என்ன பயிர் செய்கிறார் என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதும் பதிவேடு. நடப்புப் பசலியில் (ஜூலை முதல் ஜூன் வரையிலான வருவாய் ஆண்டு; 2025–26-க்கு எண் 1435) உங்கள் புல எண்ணுக்கு நேராக 'சம்பா நெல்' என்று ஏறியிருந்தால் உள்ளே இருக்கும் வயலும் பட்டியலுக்கு வரும். 'தரிசு' என்றோ போன பசலியின் உளுந்து என்றோ இருந்தால், வயலில் நெல் அழுகி நாறினாலும் பட்டியலில் இடமில்லை. பயிர் மூழ்கிய பிறகு அடங்கல் கேட்டு ஓடுகிறவர்களுக்குத்தான் சிக்கல். நட்ட இருபது முப்பது நாளில் வாங்கிப் பார்த்துவிடுங்கள். பிழையிருந்தால் அப்போதே சொன்னால் திருத்துவது சுலபம். மழைக்குப் பிறகு திருத்தச் சொன்னால் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள், அவர்கள் மேல் தப்பில்லை.

அடுத்தது 33 சதவீதத்தைக் காட்டுவது. வரப்பில் நின்று 'எல்லாம் போச்சு சார்' என்று சொல்வதைவிட எண்ணிக் காட்டுவது மேல். 20-க்கு 15 செ.மீ. இடைவெளியில் நட்ட வயலில் ஒரு சதுர மீட்டரில் சுமார் 33 குத்து (ஓரிடத்தில் சேர்த்து நட்ட நாற்று) இருக்கும். நாலு குச்சியும் கயிறும் வைத்து ஒரு சதுர மீட்டர் கட்டி, வயலின் மூன்று இடத்தில் எண்ணுங்கள். சராசரியாக 11 குத்துக்கு மேல் போயிருந்தால் கோட்டைத் தாண்டிவிட்டது. இளம்பயிரில் போன குத்தை எப்படி அறிவது? பிடுங்கிப் பாருங்கள். வேர் வெள்ளையாக, குருத்து உறுதியாக இருந்தால் பிழைக்கும். வேர் கறுத்து, குருத்தை இழுத்ததும் கையோடு வந்து நாறினால் முடிந்தது. கதிர் வந்த பயிரில் சாய்ந்த கதிர்களை உருவி, முளைத்த மணி, பதர், நல்ல மணி என்று மூன்று குவியலாகப் பிரித்துக் காட்டலாம்.

இங்கே ஒரு தர்மசங்கடம் இருக்கிறது. தண்ணீர் வடிந்ததும் ஏக்கருக்கு 2 கிலோ யூரியாவும் 1 கிலோ துத்தநாக சல்பேட்டும் 200 லிட்டர் தண்ணீரில் கரைத்துத் தெளிக்கச் சொல்கிறார்கள். தெளித்தால் தப்பிய பயிர் ஒரு வாரத்தில் பச்சை கட்டும். பத்தாம் நாள் வரும் அலுவலர் கண்ணுக்கு வயல் 'நன்றாக' இருக்கும். அதற்காக வடிக்காமல் வயலைப் போட்டு வைக்கிறவர்களும் உண்டு. 6,880 ரூபாய்க்காக ஏக்கருக்கு இருபது மூட்டையைப் பணயம் வைப்பது நல்ல கணக்கு இல்லை. உடனே வடியுங்கள், தெளியுங்கள். ஆனால் அதற்கு முன் தேதியும் இட அடையாளமும் பதியும்படி கைபேசியில் படம் எடுங்கள். மதகோ மின்கம்பமோ ஒன்று படத்தில் தெரியட்டும். ஒரு மூலையில் ஒரு குழி (மாவில் நூறில் ஒரு பங்கு) அளவுக்கு எதுவும் செய்யாமல் அப்படியே விட்டு வையுங்கள். போக்கு நடவு (செத்த குத்துக்குப் பதில் புது நாற்று நடுவது) செய்தால் பிடுங்கிப் போட்ட அழுகல் குத்துகளை வரப்பிலேயே குவித்து வைக்கலாம்.

ஆள் வரவே இல்லையென்றால் மனுவை இரண்டு பிரதி எழுதி, ஒன்று வட்டாட்சியர் அலுவலகத்தில், ஒன்று வேளாண்மை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். புல எண், உட்பிரிவு, பரப்பு, நட்ட தேதி, மூழ்கிய தேதி, வடிந்த தேதி ஆகிய ஆறும் இருக்க வேண்டும். 'என் வயல் முழுதும் பாதிப்பு' என்று மட்டும் எழுதிய மனு கோப்பில் தூங்கும்.

கேள்வி: பட்டா இறந்துபோன அப்பா பெயரில். நாங்கள் நாலு பேர், நான்தான் சாகுபடி செய்கிறேன். நிவாரணம் யாருக்கு?
– வாசகி, குடவாசல்

பதில்: சாகுபடி செய்பவர் என்று அடங்கலில் உங்கள் பெயர் இருந்தால் உங்களுக்குக் கிடைக்க வழி உண்டு அம்மா. மற்ற மூவரிடம் ஆட்சேபணை இல்லை என்று எழுதி வாங்கி, வாரிசுச் சான்றிதழ் நகலோடு கிராம நிர்வாக அலுவலரிடம் கொடுங்கள். கூட்டுப்பட்டாவுக்கும் இதே மாதிரி சம்மதக் கடிதம் கேட்பது வழக்கம். இறந்தவர் பெயரில் பட்டியல் போய்விட்டால் பணம் திரும்பிவிடும், மறுபடி எழுதி வாங்க மாதக்கணக்காகும். நிரந்தரத் தீர்வு பட்டா மாறுதல்தான். விவசாயிகளுக்கான தனித்துவ அடையாள எண் பதிவும் பட்டாவில் உள்ள பெயரோடு இணைகிறது என்பதால் இனி இதைத் தள்ளிப்போட முடியாது. பங்கு பிரிக்கப் பேச்சு வார்த்தை முடியவில்லையென்றால் நாலு பேர் பெயரிலும் கூட்டுப்பட்டாவாகவாவது மாற்றி வையுங்கள்.

கேள்வி: நாங்கள் குத்தகைக்காரர்கள். நிலச்சொந்தக்காரர் சென்னையில். போன தடவை பணம் அவர் கணக்குக்குப் போய்விட்டது.
– வாசகர், சீர்காழி

பதில்: இது நடப்பதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். சொந்தக்காரர் கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் வாங்கவோ வேறு மானியத்துக்கோ தன் பெயரில் அடங்கல் வாங்கியிருப்பார். அதே பதிவு அப்படியே நிவாரணப் பட்டியலுக்கும் வந்துவிடுகிறது. வாய்மொழிக் குத்தகை என்றால் உங்கள் பெயர் எங்குமே இருக்காது.

1969-ஆம் ஆண்டு குத்தகை உரிமைப் பதிவேடுச் சட்டத்தின்படி வட்டாட்சியர் நிலையிலுள்ள அலுவலரிடம் மனுச் செய்து பெயரைப் பதியலாம். சொந்தக்காரர் பயந்து நிலத்தையே பிடுங்கிக்கொள்வாரோ என்ற அச்சத்தில் யாரும் போவதில்லை, அது புரிகிறது. குறைந்தபட்சம் அடங்கலில் சாகுபடிதாரராக உங்கள் பெயரை எழுதச் சொல்லுங்கள். அண்டை வயல்காரர்கள் இருவர் சொன்னால் கிராம நிர்வாக அலுவலர் நேரில் பார்த்து எழுதலாம். கோயில் நிலமென்றால் வேலை சுலபம்: அறநிலையத் துறைக்குக் குத்தகை கட்டிய ரசீதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பயிர்க் காப்பீட்டில் குத்தகைக்காரரும் சேரலாம், அதற்கும் இந்த அடங்கல்தான் சாவி.

கேள்வி: பட்டியலில் என் பெயர் இருந்தது, அண்டை வீட்டுக்காரருக்கு வந்துவிட்டது, எனக்கு வரவில்லை.
– வாசகர், கீழ்வேளூர்

பதில்: முதலில் எந்தக் கணக்கைப் பார்த்தீர்கள்? ஆதார் வழியாக அனுப்பும் பணம் நீங்கள் பாஸ்புக் நகல் கொடுத்த வங்கிக்குப் போகாது. கடைசியாக ஆதாரை நேரடிப் பணப்பரிமாற்றத்துக்கு இணைத்த வங்கிக்குப் போகும். எப்போதோ எரிவாயு மானியத்துக்காகத் திறந்து மறந்துபோன கணக்கில் பணம் கிடப்பது சகஜம். 'மை ஆதார்' இணையதளத்தில் வங்கி இணைப்பு நிலையைப் பார்த்தால் எந்த வங்கி என்று தெரியும்.

கணக்கு எண் வழியாக அனுப்பியிருந்தால் வேறு காரணங்கள்: வங்கிகள் இணைந்தபின் மாறிய ஐ.எஃப்.எஸ்.சி. குறியீட்டைப் பழைய பாஸ்புக்கிலிருந்து எழுதியிருப்பார்கள், கே.ஒய்.சி. (அடையாளச் சான்று) புதுப்பிக்காமல் கணக்கு முடங்கியிருக்கும். ஆவணம் இல்லாமல் தொடங்கிய 'சிறு கணக்கு' என்றால் இருப்பு 50,000 ரூபாயைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு உண்டு, ஆனால் அரசு மானியத்துக்கு அது பொருந்தாது. பணம் திரும்பியிருந்தால் அந்தப் பட்டியல் வட்டாட்சியர் அலுவலகத்தில் இருக்கும். சரியான விவரத்தை எழுத்தில் கொடுத்தால் மறுபடி அனுப்புவார்கள்.

அங்கே பதில் இல்லையென்றால் மாதாந்திர விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் ஆட்சியரிடம் கொடுங்கள். அல்லது 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இப்படிக் கேளுங்கள்: 'இன்ன கிராமம், இன்ன புல எண்ணுக்குக் கூட்டுக் கணக்கெடுப்புப் பதிவேட்டில் உள்ள பாதிப்புச் சதவீதம், பயனாளி பெயர், தொகை, அனுப்பிய தேதி, திரும்பியிருந்தால் காரணம்.' 30 நாளுக்குள் பதில் வர வேண்டும். 'எனக்கு ஏன் பணம் வரவில்லை' என்று கேட்டால் அது தகவல் அல்ல என்று ஒதுக்கிவிடுவார்கள்.

கேள்வி: பயிர்க் காப்பீடும் கட்டியிருக்கிறேன். நிவாரணம் வாங்கினால் காப்பீடு கிடைக்காது என்கிறார்களே? பக்கத்து ஊருக்குக் காப்பீடு வந்தது, எங்கள் ஊருக்கு ஏன் இல்லை?
– வாசகர், பேராவூரணி

பதில்: இரண்டும் வேறு வேறு பணம். ஒன்று வாங்கினால் மற்றது கிடைக்காது என்பது டீக்கடைச் சட்டம். நிவாரணத்தில் உங்கள் வயலைப் பார்ப்பார்கள். காப்பீட்டில் நெல்லுக்கு வருவாய்க் கிராமம் முழுவதையும் ஒரே வயலாகப் பார்ப்பார்கள். உங்கள் வயல் மூழ்கி, ஊரின் மேட்டு வயல்கள் நன்றாக விளைந்திருந்தால் ஊர்ச் சராசரி உயர்ந்துவிடும், உங்களுக்கு ஒன்றுமில்லை.

சராசரியை முடிவு செய்வது பயிர் அறுவடைப் பரிசோதனை. கிராமத்துக்குக் குறைந்தது நாலு பரிசோதனை. எந்தப் புல எண் என்பது குலுக்கல் முறையில் வரும். வயலில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் அளந்து அறுத்து, அடித்து, தூற்றி எடை போடுவார்கள். அந்த 25 சதுர மீட்டரில் 10 கிலோ வந்தால் ஹெக்டேருக்கு 4,000 கிலோ என்று அர்த்தம். தராசில் ஒரு கிலோ கூடினால் கணக்கில் 400 கிலோ கூடுகிறது. உத்தரவாத மகசூல் (ஊர்ச் சராசரி இதற்குக் கீழே போனால்தான் பணம்) 4,000 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஊர்ச் சராசரி 3,000 வந்தால் குறைவு 25 சதவீதம்; காப்பீட்டுத் தொகை ஏக்கருக்கு 36,000 என்றால் 9,000 ரூபாய் வரும். ஒரு பரிசோதனைத் திடலில் கயிறு அரை அடி தள்ளிப் பிடித்தாலோ, ஈர நெல்லை உலர்த்திய எடைக்கு மாற்றாமல் எழுதினாலோ ஊருக்கே நஷ்டம். நிவாரணக் கணக்கெடுப்புக்கு அலுவலர் பின்னால் ஓடுகிற நாம், இந்த அறுவடைக்கு ஒரு ஆள் போய் நிற்பதில்லை. உதவி வேளாண்மை அலுவலரிடம் புல எண்ணையும் தேதியையும் கேட்டு, ஊரில் இரண்டு பேர் போய் அளவையும் தராசையும் பாருங்கள்.

உத்தரவாத மகசூல் என்பது கடந்த 7 ஆண்டில் சிறந்த 5 ஆண்டின் சராசரியை ஈட்டுறுதி அளவால் (அந்தச் சராசரியில் எத்தனை சதவீதத்துக்குக் காப்பீடு உறுதி தருகிறது என்பது) பெருக்கியது. அடிக்கடி மூழ்கும் ஊருக்கு அந்தச் சராசரியே தாழ்ந்திருக்கும். இது திட்டத்தின் உள்ளேயே இருக்கும் ஓட்டை, யாருடைய சதியும் இல்லை.

தனி வயல் மூழ்கினால் 72 மணி நேரத்துக்குள் சொல்லி இழப்பீடு கேட்கும் வசதி நெல்லுக்கு 2018-ல் எடுக்கப்பட்டது. 2026 காரீப் (ஜூனில் தொடங்கும் பருவம்) முதல் அதை மீண்டும் சேர்ப்பதாக ஒன்றிய வேளாண் அமைச்சகம் 2025 நவம்பரில் அறிவித்திருக்கிறது. அறுத்து வயலிலேயே பரப்பிக் காயப்போட்ட கதிர் 14 நாளுக்குள் புயல் மழையில் நனைந்தால் கேட்கலாம். 14447 என்ற காப்பீட்டு உதவி எண்ணுக்கு 72 மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும். ஆனால் இயந்திரத்தில் அறுத்து, கொள்முதல் நிலைய வாசலில் குவித்த நெல் நனைந்தால் இதில் வராது. டெல்டாவில் நனைவது பெரும்பாலும் அந்த நெல்தான்.

சம்பாவுக்குக் கட்டணம் காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதம். கடைசித் தேதி வழக்கமாக நவம்பர் 15. சில ஆண்டு நீட்டிக்கிறார்கள், அதை நம்பி உட்கார வேண்டாம்.

கேள்வி: வெள்ளத்தில் கறவை மாடு செத்தது. புதைத்துவிட்டோம்.
– வாசகர், சிதம்பரம்

பதில்: புதைக்கும் முன் கால்நடை மருத்துவரின் பிரேதப் பரிசோதனை முடிந்திருக்க வேண்டும். இப்போது படம், அக்கம்பக்கத்தார் வாக்குமூலம், கிராம நிர்வாக அலுவலர் அறிக்கை ஆகியவற்றோடு மருத்துவமனைக்குப் போய்ப் பேசிப் பாருங்கள். பசு, எருமைக்கு 37,500 ரூபாய் (ஒரு குடும்பத்துக்கு 3 வரை), ஆட்டுக்கு 4,000, உழவு மாட்டுக்கு 32,000, கன்றுக்கு 20,000, கோழிக்கு 100. காதில் வில்லை இருந்தால் அந்த எண்ணைச் சொல்லுங்கள்.

கேள்வி: 2018 கஜா புயலில் தென்னை மரத்துக்கு 1,100 ரூபாய் கொடுத்தார்கள். இப்போது ஹெக்டேருக்கு 22,500 என்கிறார்களே, ஏன் குறைந்தது?
– வாசகர், பட்டுக்கோட்டை

பதில்: குறையவில்லை, கணக்கே வேறு. கஜாவுக்கு மாநில அரசு தனியாக அறிவித்தது அது: விழுந்த மரத்துக்கு 600, வெட்டி அப்புறப்படுத்த 500, ஹெக்டேருக்கு 175 மரம் என்று 1,92,500. மறுநடவுக்கு 72,100 தனி. அப்படி அறிவிப்பு வராத காற்றுக்கு நெறிமுறைத் தொகைதான். எதுவானாலும் வெட்டும் முன் ஒவ்வொரு மரத்திலும் பெயின்டில் எண் போட்டுப் படமெடுங்கள். தென்னங் காப்பீட்டில் 4 முதல் 15 வயது மரத்துக்கு ஆண்டுக்கு 9 ரூபாய், 16 முதல் 60 வயது வரை 14 ரூபாய். நாம் கட்டுவது அதில் கால் பங்கு. கிடைப்பது முறையே 900, 1,750 ரூபாய். மூன்றரை ரூபாயைக் கட்டாமல் விட்ட தோப்புகள் எத்தனை என்று எண்ணிப் பார்த்தால் வயிறு எரியும்.

கேள்வி: தென்பெண்ணை உடைத்துக்கொண்டு வயலில் முழங்கால் அளவு மணல். பயிர் நிவாரணத்தோடு முடிந்துவிட்டதா?
– வாசகர், பண்ருட்டி

பதில்: மூன்று அங்குலத்துக்கு மேல் மணல் படிந்த நிலத்தை மீட்க ஹெக்டேருக்கு 18,000 ரூபாய் தனித் தலைப்பில் இருக்கிறது, குறைந்தபட்சம் 2,200. பயிர்ப் பட்டியல் எழுதுகிறவர்கள் இதைத் தானாகச் சேர்ப்பதில்லை, தனி மனு வேண்டும். வயலில் நாலைந்து இடத்தில் பழைய மண் தெரியும்வரை குழி தோண்டி, அளவுகோலை நிறுத்திப் படமெடுத்து இணையுங்கள். அளந்து சான்று கொடுக்கும்வரை மணலில் கை வைக்காதீர்கள். அள்ளியதை விற்க நினைத்தால் கனிமவளத் துறை அனுமதி வேண்டும். இல்லாமல் வண்டி ஏற்றினால் நிவாரணத்தைவிட அபராதம் பெரிதாக இருக்கும்.